கொந்தராத்துக்காரரின் கணக்கை யார் பார்ப்பது? வன்னியில் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு கேள்வி

இரணைமடுக் கரை

வணக்கம் உறவுகளே. பரந்தனில் அக்காவின் காணியில் வீடு கட்டப் போகிறோம். பணம் கனடாவிலிருந்து அக்கா அனுப்புவது. ஓட்டமும் கையொப்பமும் என்னுடையவை. 1,250 சதுர அடி, ஒரே தளம், ஓட்டுக் கூரை. மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவரும் ஒற்றைத் தாளில், சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதித் தந்தார்கள். மனதுக்குப் பிடித்தவர் கேட்பது சதுர அடிக்கு 9,000 ரூபாய், மொத்தம் ஒரு கோடியே பன்னிரண்டரை இலட்சம். படம், பிரதேச சபை அனுமதி, பொறியியலாளர் எல்லாம் தன் பொறுப்பு என்கிறார்.

வேலையையும் செலவையும் பார்க்க எங்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள் என்று அக்கா சொல்கிறார். அதை அவரிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. "எங்களிடமே இன்ஜினியர் இருக்கிறார், சேர். வேறு ஆள் பிடித்தால் அது உங்களுக்குத்தான் வீண் செலவு" என்றார். நான் பள்ளிக்கூட ஆசிரியன். கம்பியின் தடிப்பைப் பார்த்தவுடன் சொல்லத் தெரியாது. பாடசாலை விட்டுப் போய்ச் சேரும்போது பாதி வேலை மண்ணுக்குள் மறைந்திருக்கும்.

தனி ஆள் வைப்பது பிரயோசனமா? வைத்தால் அவர் என்ன செய்ய வேண்டும், அவருக்கு எப்படிக் கொடுப்பது? அத்திவாரக் கிடங்கு வெட்ட அவசரப்படுத்துகிறார்கள்.

அளவுநாடா

தம்பி, முதலில் கிடங்கு வெட்டுவதை நிறுத்துங்கள். முப்பது வருடத்துக்கு மேல் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வன்னியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சதுர அடி விலை ஒரு பேச்சுத்தான், ஒப்பந்தமாக நிற்காது. அந்த 9,000 ரூபாய்க்குள் தளம் எத்தனை அடி உயரும்? கிறவல் மண் நிரப்புவது சேர்த்தியா? மலக்குழி, கிணற்றுக் கட்டு, மின்னிணைப்பு, நிலைகளுக்கு எந்த மரம், தரைக்கு எந்த ஓடு? தாளில் இல்லாதது எல்லாம் நாளைக்கு "மேலதிக வேலை" என்று வரும். படம் வரைந்து, அந்தப் படத்திலிருந்து அளவு எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிய பட்டியல் வேண்டும். பி.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதைத் தயாரிப்பவர் கொந்தராத்துக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. மூன்று பேரும் அதே பட்டியலுக்கு விலை எழுதித் தரட்டும். அப்போதுதான் யார் மலிவு என்று தெரியும். இப்போது உங்களிடம் இருப்பவை மூன்று வெவ்வேறு வீடுகளின் விலைகள்.

அவருடைய பொறியியலாளரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாதச் சம்பளம் தருபவரின் பில்லை அவர் எப்படி வெட்டுவார்? பிரதேச சபை அனுமதியையும் இதோடு குழப்பாதீர்கள். சபை பார்ப்பது எல்லையும் சட்டமும். உங்கள் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

கூலி விடயத்தில் ஒன்று. கட்டடச் செலவில் இத்தனை வீதம் என்று பேசாதீர்கள். ஒரு கோடி வேலைக்கு 5 வீதம் என்றால் ஐந்து இலட்சம். வேலை ஒரு கோடி இருபது இலட்சமானால் அவருக்கு ஆறு இலட்சம். செலவைக் குறைக்க வந்தவருக்குச் செலவு ஏறினால் இலாபம் என்றால் அது என்ன மேற்பார்வை? பட்டியல் தயாரிக்க ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று பேசுங்கள். எந்தெந்த வேலைக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இதில் தலையானது பணம் விடுவிக்கும் அதிகாரம். அவர் அளந்து எழுத்தில் தராமல் ஒரு சதமும் போகாது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அவர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும் விருந்தாளி.

மாங்குளம் பாஸ்

எல்லோரும் கொந்தராத்துக்காரனைக் கள்ளன் என்று வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறீர்கள். நான் மாங்குளத்தில் சிறிய அளவில் கொந்தராத்துச் செய்பவன். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2021இல் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட விற்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. கம்பியும் அப்படித்தான். மாறாத விலைக்குக் கையொப்பம் வைத்த வேலை என் கையில் இருந்தது. வீட்டுக்காரர் "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கூரை போட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் எனக்கு எந்தச் சுயாதீன ஆள் வந்தார்?

இன்னொன்று, நீங்கள் வைக்கும் "எங்கள் பக்கத்து ஆள்" எல்லோரும் சுத்தம் என்று நினைக்காதீர்கள். இன்ன கடையில்தான் கம்பி எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அந்தக் கடையில் கொமிசன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். என்னிடம் கை நீட்டியவர்களும் உண்டு. கொடுக்காவிட்டால் நல்ல பூச்சையும் உடை என்பார்கள்.

ஒட்டுசுட்டான் வாசுகி

பாஸ் அண்ணா சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் வன்னியில் இது புதுக் கதை இல்லை. போருக்குப் பிறகு இந்திய அரசின் பணத்தில் வந்த வீட்டுத் திட்டத்தில் இந்தப் பாடத்தை ஆயிரக்கணக்கான பெண்கள் படித்துவிட்டோம்.

50,000 வீட்டுத் திட்டம். அதில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. முதலில் மாதிரியாக ஆயிரம் வீடுகளைக் கட்டியே கொடுத்தார்கள். 2012க்குப் பிறகு பெரும்பாலானவற்றைப் பயனாளியே கட்டுவது என்று மாற்றினார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக நேரே வங்கிக் கணக்குக்கு. ஒரு கட்டம் முடிந்தால் திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த கட்டப் பணம் வரும். பணம் ஒருவருடையது, கட்டுவது ஒருவர், பார்த்து எழுதுவது மூன்றாமவர். அளவுநாடா ஐயா சொல்வதும் அதுதானே.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். வெறும் சீமெந்துப் பைகளை எறியவோ விற்கவோ விடாதீர்கள், மாலையில் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள் என்றார். மேசனுக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா கடையா நடத்துகிறீர்கள்?" என்று சிரித்தார். பீம் கொங்கிறீட் போட்ட அன்று மாலை பையை எண்ணினால் கணக்குக்கு ஆறு பை குறைகிறது. கேட்டேன். மறுநாள் காலை ஆறு பையும் வாழை மரத்தடியில் தறப்பாளால் மூடிக் கிடந்தன, யாரோ "மறந்து" வைத்தவை. அதற்குப் பிறகு ஒரு பையும் மறக்கப்படவில்லை.

அதே ஒழுங்கையில் கடனில் விழுந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் களவால் அல்ல. 550 சதுர அடிப் படத்தை மகளின் சீதனத்துக்கென்று 800 ஆக்கினார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து

நான் பணம் அனுப்பும் பக்கத்து ஆள். தருமபுரத்தில் அப்பா அம்மாவுக்குக் கட்டினோம். கிழமைக்குக் கிழமை வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. ஒரே கம்பிக் குவியலை மூன்று பக்கத்திலிருந்து எடுத்து மூன்று முறை பணம் வாங்கினார்கள். பின்னால் நின்ற முருங்கை மரத்தை வைத்துத்தான் என் மனைவி கண்டுபிடித்தார்.

படத்தை நம்பாதீர்கள். கொழும்பிலிருந்து ஒரு நல்ல நிறுவனத்தைப் பிடியுங்கள். காசு போனாலும் நிம்மதி.

அளவுநாடா

//கொழும்பிலிருந்து ஒரு நல்ல நிறுவனத்தைப் பிடியுங்கள்//

ஒரு கோடி வீட்டுக்குக் கொழும்பு நிறுவனம் வைத்தால் பாதி நாள் அவர்கள் ஏ9 வீதியில்தான் இருப்பார்கள். அத்திவாரக் கொங்கிறீட் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு போடும் வேலை. காலையில் அழைத்தால் ஒன்பது மணிக்குள் வந்து நிற்கக்கூடியவர் வேண்டும்.

மட்டுறுத்துநர்

மேலே ஒரு பதிவில் கிளிநொச்சிக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. நீக்கியிருக்கிறோம். அனுபவத்தை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள்.

கணக்குப் பெட்டி

நான் கணிய அளவையாளர், கட்டட வேலையின் அளவையும் விலையையும் கணக்கிடுபவர். வவுனியாவில் இருந்துகொண்டு வன்னி முழுவதும் வேலை செய்கிறேன். பெண் என்பதால் முதல் நாள் எல்லா இடத்திலும் "சேர் வரவில்லையா?" என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் கேட்பதில்லை.

வெளிப்படையான களவை விட்டுவிடுங்கள், அது வாசுகி அக்காவின் கொப்பியில் அகப்பட்டுவிடும். பெரிய பணம் போவது ஒழுங்காக எழுதிய தாளில்தான்.

ஆசிரியர் அண்ணா, அந்தக் கொந்தராத்துக்காரர் தவணைகளை எப்படிக் கேட்டிருக்கிறார் என்று பாருங்கள். என் மேசைக்கு வரும் தாள்களில் வழக்கமானது இது: கையொப்பத்தோடு 30 வீதம், அத்திவாரம் முடிந்ததும் இன்னொரு 25 வீதம். ஒரு தள வீட்டில், தரை மட்டம் வரையான வேலை சாதாரணமாக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே 20 வீத வேலை நிற்கும்போது 55 வீதப் பணம் அவர் கையில். அதற்குப் பிறகு உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அவர் உங்கள் பணத்தில் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார், உங்கள் வீட்டுக்கு மேசன் வரமாட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, முன் வேலையின் கடனை உங்கள் முற்பணத்தில் அடைத்திருப்பார்.

அரச ஒப்பந்தங்களிலும் முற்பணம் உண்டு, வழக்கமாக 20 வீதம் வரை. ஆனால் அதற்கு வங்கி அல்லது காப்புறுதி உத்தரவாதம் வைக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு பில்லிலும் கழிப்பார்கள். வீட்டு வேலையில் உத்தரவாதம் தர யாரும் முன்வரமாட்டார்கள். அதனால் நான் சொல்வது: முற்பணத்தைப் பொருளாகக் கொடுங்கள். முதல் லோட் கம்பியும் சீமெந்தும் நீங்களே கடைக்குப் பணம் கட்டி, உங்கள் பெயரில் பில் எடுத்து இறக்குங்கள்.

இரண்டாவது கிறவல். பரந்தன் பக்கம் காணி தாழ்வு. 2018 டிசம்பர் வெள்ளம் உங்கள் காணியில் எதுவரை நின்றது என்று அயலவரைக் கேட்டு, அதற்கு மேல் தளம் வர வேண்டும். ஆகவே நிரப்புவேலை பெரிய வேலை. அதை "லோட்" கணக்கில் விடாதீர்கள். 1,250 சதுர அடியில் ஒரு அடி உயரம் என்பது பன்னிரண்டரைக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). இரண்டடி என்றால் இருபத்தைந்து. கிறவல் இறுக்கினால் அமரும் என்பதால் முப்பது, முப்பத்திரண்டு கியூப் வரை இறக்க வேண்டி வரலாம். ஐம்பது கியூப்புக்குச் சிட்டை நீட்டினால் யாருடைய காணிக்குப் போனது என்று கேட்க வேண்டும். ஆனால் நிரப்பும் முன் நிலமட்டம் எடுத்து வைக்காவிட்டால் கேட்க வழியே இல்லை. மண் மூடிய பிறகு யாராலும் அளக்க முடியாது. அயல் மதிலில் ஒரு கோடு கீறி, அதிலிருந்து நாலு மூலைக்கும் நடுவுக்கும் எவ்வளவு பள்ளம் என்று அளந்து, இரண்டு பேரும் கையொப்பம் வையுங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றாவது, பட்டியலில் சில விலைகள் வேண்டுமென்றே குறைவாகவும் சில விலைகள் உயர்வாகவும் இருக்கும். மொத்தம் மலிவாகத் தெரியும். கூடப் போகும் வேலைக்கு, உதாரணத்துக்கு அதே கிறவலுக்கு, விலை உயர்த்தி எழுதியிருப்பார்கள். குறையப் போகும் அல்லது நீங்கள் கைவிடப் போகும் வேலைக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. இதைப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குப் பணம் தருகிறார்கள்.

அத்துடன் பில்லில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் என்று எழுதியிருந்தால் வரிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அதை உங்களிடம் அறவிட முடியாது.

மாங்குளம் பாஸ்

கணக்குப் பெட்டித் தங்கச்சி, முற்பணத்தைப் பொருளாகக் கொடு என்று சொல்வது நல்லது. ஆட்களின் சாப்பாடு? கிழமைக் கூலி சனிக்கிழமை கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள். காலபோக விதைப்பு, அறுவடை நேரத்தில் கூலி கொடுத்தும் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் "அளந்து பிறகு பணம்" மூன்று கிழமை இழுத்தால் நான் வட்டிக்கு எடுக்க வேண்டும். அந்த வட்டியை விலையில்தான் போடுவேன்.

கணக்குப் பெட்டி

உண்மை. ஆகவே இரு பக்கத்துக்கும் நாள் எழுத வேண்டும். வேலை முடிந்தது என்று அறிவித்தால் இரண்டு நாளில் அளப்பது, அளந்தால் ஐந்து நாளில் பணம். பிந்தினால் வீட்டுக்காரர் வட்டி தர வேண்டும். 2022 போல விலை பாய்ந்தால் சீமெந்துக்கும் கம்பிக்கும் மட்டும், கையொப்ப நாள் கடை விலைக்கும் வாங்கிய நாள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இருவரும் ஏற்பது என்று எழுதலாம். அரச வேலைகளில் இதற்கென்று நிர்மாணத்துறை அதிகார சபை மாதாமாதம் விலைச் சுட்டிகள் வெளியிடுகிறது, சூத்திரம் இருக்கிறது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு வரி போதும். அன்று உங்கள் ஒப்பந்தத்தில் அந்த இரண்டு வரி இருந்திருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும், அண்ணா.

மாங்குளம் பாஸ்

அதை அன்று யாரும் சொல்லவில்லை. சரி.

ஆலமரத்தடி

வீட்டை விடுங்கள். கோயில் மண்டபத்துக்கு என்ன செய்வது? எங்கள் ஊரில் வெளிநாட்டு உபயகாரர்களின் பணத்தில் மண்டபம் கட்டினார்கள். கொந்தராத்து எடுத்தவர் நிர்வாகத்தில் ஒருவரின் மைத்துனர். கணக்குக் கேட்டால் "அம்பாளின் காசில் யார் கை வைப்பார்கள்?" என்கிறார்கள். யாரும் வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தூண் மூன்று வருடத்தில் ஏன் வெடித்தது?

கேட்டவனை நாத்திகன் என்றார்கள். நான் பத்து நாளும் திருவிழாவில் சாமி தூக்குபவன்.

அளவுநாடா

கோயிலானாலும் சனசமூக நிலையமானாலும் நடைமுறை ஒன்றுதான். நிர்வாகத்தில் இல்லாத, கொந்தராத்துக்காரருக்கு உறவில்லாத ஒருவர் அளக்க வேண்டும். அவர் தரும் தாளைக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். தூண் வெடிப்பைப் பற்றிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். உட்கம்பிக்கு மேல் போதிய கொங்கிறீட் மூடாமல் கம்பி துருப்பிடித்திருக்கலாம், நிலம் இறங்கியிருக்கலாம், வெறும் பூச்சு வெடிப்பாகவும் இருக்கலாம். துரு என்றால் வெடிப்பு கம்பியின் ஓட்டத்திலேயே நீளவாட்டில் போகும், பழுப்பு நிறம் கசியும். போய்ப் பாருங்கள்.

அரச பணத்தில் நடக்கும் வேலை என்றால் உங்களுக்கு இன்னும் வசதி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பட்டியலையும் கொடுத்த பில்லையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒழுங்கைக்குப் போட்ட கொங்கிறீட் வீதியின் தடிப்பு பட்டியலில் எவ்வளவு என்று ஒருவர் கேட்டாலே அடுத்த ஒழுங்கையில் தடிப்பு கூடுகிறது, நான் கண்டிருக்கிறேன்.

பனங்கூடல்

அரச பணம் என்றவுடன் அரசு வடக்குக் கிழக்கில் கட்டத் திட்டமிட்ட அந்த 65,000 இரும்பு வீடுகள் எனக்கு ஞாபகம் வருகின்றன. 2016இல் ஒரு வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் விலை சொன்னார்கள். அதே காலத்தில் மீள்குடியேற்ற அமைச்சு கல் வீட்டுக்குக் கொடுத்தது 8 இலட்சம். பொறியியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டி எதிர்த்த பிறகுதான் விடயம் வெளியே வந்தது. வன்னி வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கச் சொன்னார்கள்! மேற்பார்வை வேண்டியது மேசனுக்கு அல்ல, மேலே இருப்பவர்களுக்கு.

ஒட்டுசுட்டான் வாசுகி

மேலே இருப்பவர்களையும் பார்க்கலாம், தம்பி. ஆனால் ஆசிரியரின் கிடங்கு நாளைக்கு வெட்டப்படப் போகிறது. அதைப் பேசுவோம்.

இரணைமடுக் கரை

வெட்டுவதை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. அளவுநாடா ஐயா, மணல், கம்பி இறக்கும்போது நானே பார்க்கக்கூடியது என்ன? அதற்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டால் வருகைக் கூலியே பெரிதாகிவிடும்.

அளவுநாடா

நல்ல கேள்வி. டிப்பர் வந்து நின்றதும் கொட்ட விடாதீர்கள். ஏறி, பெட்டியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். அதுதான் கியூப். போன வருடம் உறவினர் வீட்டில் "இரண்டரைக் கியூப்" என்று வந்த வண்டியை அளந்தேன். பதினொரு அடி நீளம், ஆறரை அடி அகலம், மூன்றடி உயரம். 214 கன அடி, இரண்டு கியூப்பும் கொஞ்சமும். சாரதி கோபப்படவில்லை, "ஐயா அளப்பீர்கள் என்று தெரிந்திருந்தால்" என்று இழுத்தார். வசனத்தை முடிக்கவில்லை. நடுவில் குவித்தும் ஓரத்தில் தாழ்த்தியும் இருந்தால் முதலில் பரப்பி மட்டமாக்கச் சொல்லுங்கள்.

ஈர மணல் இன்னொரு சூது. இலேசாக நனைந்த மணல் உப்பி நிற்கும், காய்ந்த மணலை விடக் கால் பங்கு வரை கூட இடம் பிடிக்கும். கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள், உருண்டை உடையாமல் நின்றால் அதற்கேற்பக் கழித்துப் பேசுங்கள். ஆற்று மணலுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் பொலிசார் உங்கள் வாசலுக்கும் வருவார்கள்.

கம்பிக்குத் தராசு போதும். 12 மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றருக்கு 0.888 கிலோ. 12 மீற்றர் முழுக் கம்பி பத்தரைக் கிலோவுக்கு மேல் வர வேண்டும். பத்துக்குக் கீழே போனால் அது 12 இல்லை, பெயர்தான் 12. பத்துக் கம்பியைச் சேர்த்து நிறுங்கள், ஒன்றை நிறுத்தால் வாதம் வரும். இலங்கைத் தரக் குறியான எஸ்.எல்.எஸ். 375 அடையாளம் கம்பியிலேயே அல்லது கட்டின் சிட்டையிலேயே இருக்கும்.

கொங்கிறீட்டுக்கு, சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை என்றால் ஒரு கியூப்புக்கு 22, 23 பை சீமெந்து போக வேண்டும். நாலடிக்கு நாலடி, ஒரு அடி தடிப்பில் பன்னிரண்டு தூண் பாதங்கள் என்றால் 192 கன அடி, ஏறக்குறைய 44 பை. வாசுகி தங்கச்சி செய்தது போல வெறும் பையை எண்ணுங்கள். தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றினால் மட்டும் உடனே தடுங்கள். ஓடுகிற கொங்கிறீட் போட இலகு, பலம் இல்லை. சந்தேகம் என்றால் ஆறு அங்குலக் கட்டிகள் சிலவற்றை வார்த்து, நீரில் வைத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கலாம். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே நம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, பரிசோதிக்க வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இரணைமடுக் கரை

ஒரு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் பேசியவர் விலகிவிட்டார். "நம்பிக்கை இல்லாத இடத்தில் வேலை செய்ய மாட்டேன்" என்றார். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மற்ற இருவரும் எங்கள் அளவையாளர் தயாரித்த ஒரே பட்டியலுக்கு விலை எழுதித் தந்தார்கள். ஒருவர் தன் பழைய சதுர அடிக் கணக்கை விடக் கூடுதலாக எழுதியிருக்கிறார், ஆனால் கிறவலும் மலக்குழியும் இந்த முறை உள்ளே இருக்கின்றன. அவரையே எடுக்கிறோம்.

ஒப்பந்தத்தில் எழுதியவை: முற்பணம் பொருளாக. ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து வைப்பது, அது மொத்த ஒப்பந்தத்தில் 5 வீதத்தை எட்டியதும் நிறுத்துவது. அதில் பாதி வேலை முடிந்ததும், மீதி ஒரு வருடம் கழித்து, அதாவது ஒரு மாரி பார்த்த பிறகு. மேலதிக வேலை எதுவும் விலை எழுதிக் கையொப்பம் வைக்காமல் தொடங்காது, அக்கா தொலைபேசியில் சொன்னாலும்கூட. இந்த வரியை அக்காவே சேர்க்கச் சொன்னார்.

மூடப்படும் வேலை எல்லாவற்றையும் அளவையாளர் பார்த்த பிறகே மூடுவது: கிடங்கின் ஆழம், நிலமட்டம், கம்பிக் கட்டு, பீம். இப்போது கேள்வி, அளவையாளரும் கொந்தராத்துக்காரரும் அளவில் ஒத்துப்போகாவிட்டால்?

கணக்குப் பெட்டி

ஒத்துக்கொண்ட அளவுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், சண்டைக்குரிய மீதியை மட்டும் நிறுத்துங்கள். முழுப் பில்லையும் நிறுத்துவதுதான் வேலையைக் குழப்புவது. மீதிக்கு இருவரும் ஏற்கும் மூன்றாவது ஆள் ஒருவரின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள், சண்டை வந்த பிறகு பெயரிலும் ஒத்துப்போக மாட்டீர்கள். அதிலும் தீராத சிறு தொகை, நீதிமன்றத்துக்கு முன் சமரசம் பேசும் இணக்கசபைக்குத்தான் முதலில் போகும். பெரும்பாலும் அதுவரை போகாது.

மாங்குளம் பாஸ்

இப்படி ஒரு ஒப்பந்தம் என்றால் நானும் கையொப்பம் வைப்பேன். ஒரு ஓட்டை இருக்கிறது, ஆசிரியர். மூடும் வேலையைப் பார்க்க அளவையாளர் வரவில்லை என்றால்? கிடங்கு வெட்டி, கம்பி கட்டி, கலவை இயந்திரம் வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் வரும்வரை காத்திருக்கும் நாளின் கூலி யாருடையது? இரவில் மழை பெய்து கிடங்கு இடிந்தால் திரும்ப வெட்டுவது யார்?

கணக்குப் பெட்டி

வீட்டுக்காரருடையது. ஒரு நாள் முன்பு அறிவித்திருந்தால்.

இரணைமடுக் கரை

அதையும் சேர்த்தாயிற்று, பாஸ் அண்ணா. முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் ஆள் வராவிட்டால் அன்றைய கூலியும் இயந்திர வாடகையும் எங்கள் பொறுப்பு. அதில் எவ்வளவை அளவையாளரின் வருகைக் கூலியில் கழிப்பது என்று அவரோடு இன்னும் பேச்சு நடக்கிறது.